சீர் வண்டியில் கிளட்ச் இல்லை

குடவாசல்
தை 24, புதன்

சிரஞ்சீவி பிரபுவுக்கு, மாமா பஞ்சநதம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா நீலாம்பாளும் சௌக்கியம். சம்பா அறுத்தாகிவிட்டது. சிங்கப்பூரில் நீயும் வானதியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் என் போனும் உன் அக்காவிடம்தான் இருக்கிறது. ஆகையால் மளிகைக்கடை மீரா உசேன் மகன் மூஸா வெள்ளிக்கிழமை அங்கே திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

விஷயம் நீ அனுப்பிய வண்டி. வருஷா வருஷம் அக்காவுக்குப் பொங்கல் சீராகக் கரும்பும் மஞ்சள் கொத்தும் பானையும் வரும். இந்த வருஷம் கரும்பையும் மஞ்சளையும் ஒரு மோட்டார் சைக்கிளில் கட்டி அனுப்பினாய். கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துப்போகிறது என்று தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதை மனதில் வைத்து, கிளட்சே இல்லாமல் தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கிறாய். நல்ல மனசு. பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மில் கிடையாது, நானும் குறை சொல்ல எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முப்பது வருஷப் பழக்கம், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இடது கை கிளட்சைத் தேடுகிறது, அது இல்லாததால் ஹாரனைப் பிடித்து அமுக்குகிறது, அப்படித்தான் துக்கம் கேட்கப் போன வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே போய் நின்றேன். இடது காலும் சும்மா இல்லை, கியரைத் தேடிக் காற்றை மிதித்ததில் செருப்பு கழன்று போய், வீட்டில் இப்போது வலது கால் செருப்பு மட்டும் மூன்று கிடக்கிறது. போன செவ்வாய் நெல் கொள்முதல் நிலையத்தில் சாவியை அணைக்காமல் நின்றதில் பேட்டரி இறங்கிவிட்டது. மூட்டை தூக்கும் ஆட்கள் ஆறு பேர், "ஏறி உக்காருங்கண்ணே, தள்ளியே ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்றார்கள். நானும் உட்கார்ந்தேன். வாய்க்கால் பாலம் தாண்டி, பஸ் ஸ்டாண்டு தாண்டி, "இன்னும் கொஞ்சம் வேகமாப்பா" என்று நான் சொல்லச் சொல்ல, மெக்கானிக் கலந்தர் கடை வரைக்கும் தள்ளிவிட்டார்கள். கலந்தர் நிதானமாக வெளியே வந்து, "இத ஊரே சேந்து தள்ளுனாலும் ஸ்டார்ட் ஆவாதுண்ணே. இதுல கிளட்ச் புடிச்சு விடுற வேலையே இல்ல" என்றார். ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று இருக்கிறது. பழைய வண்டியில் நான் கியர் மாற்றினால் ஒரு வெட்டு வெட்டும். அதற்குப் பயந்து உன் அக்கா கல்யாணமான நாளிலிருந்து என் தோளில் கை வைத்துத்தான் உட்காருவாள். சண்டை போட்டு நாலு நாள் பேசாமல் இருந்தாலும், இரண்டாவது கியருக்குள் கை தோளுக்கு வந்துவிடும், பாதிக் கோபம் அதிலேயே தீர்ந்துவிடும். உன் வண்டி வெட்டுவதே இல்லை. அவள் ஒரு கையில் போனும் மறு கையில் பின்கம்பியுமாக, சோபாவில் உட்கார்ந்த மாதிரி வருகிறாள். சனிக்கிழமை அவளைத் தாராசுரத்துக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாச்சியார்கோவில் பெட்ரோல் பங்கில் இறங்கினாள். நான் பெட்ரோல் போட்டு, வண்டியை எடுத்து, வழியெல்லாம் உளுந்து தெளித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே போய், டாக்டர் வாசலில் "எறங்கு" என்றேன். பின்னால் ஆள் இல்லை. அடித்துப் பிடித்துத் திரும்பி வந்தால், பல்வலியோடு உன்னிடம்தான் போனில் பேசிக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்து, "ஏங்க, இன்னுமா பெட்ரோல் போடல?" என்றாள். அவள் ஏறாதது எனக்குத் தெரியவில்லை, சரி, எனக்கு வயசாகிறது. நான் போனது அவளுக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, பிரபு.

பழைய வண்டியை ஞாயிற்றுக்கிழமை கலந்தர் எடுத்துப்போகட்டும் என்று அவள் சொல்லி வைத்திருக்கிறாள். அதற்குள் நீ போன் செய்து, பழையதைக் கொடுக்க வேண்டாம், புது வண்டியைக் கம்பெனி திரும்பக் கேட்கிறது என்று எதையாவது சொல்லி நிறுத்து. நான் எழுதியதாகத் தெரிய வேண்டாம்.

வானதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. குறைவில்லாமல் இருங்கள், ஆடிக்கு எல்லாரும் ஊருக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
மாமா பஞ்சநதம்

பின்குறிப்பு: இன்று வெள்ளி. மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். நேற்றுக் கலந்தர் இடது கைப்பிடியில் இருக்கும் ஒரு பட்டனைக் காட்டி, "வேணும்னா கையாலயும் கியர எறக்கிக்கலாம்ணே" என்றார். சாயங்காலம் அக்காவைக் கோவிலுக்குக் கூட்டிப்போகும்போது நல்ல வேகத்தில் அதை இரண்டு தடவை அமுக்கினேன். வெட்டியது. போன் பைக்குள் போனது, கை தோளுக்கு வந்தது, வீடு திரும்பும் வரை எடுக்கவில்லை. காலையில் பழைய வண்டியை நானே கொண்டுபோய்க் கலந்தரிடம் விட்டுவிட்டேன். புது வண்டியில் ஏதாவது கோளாறா என்று அக்கா உன்னிடம் கேட்பாள். இந்த வண்டியே அப்படித்தான், பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிடு.