மாற்று வேட்பாளர்

இந்தத் தடவை சட்டமன்றத்துக்குள் காலை வைத்தே தீருவது என்று மைக்செட் முடிவு கட்டிவிட்டார்.

மைக்செட் என்பது தொழில். கல்யாணம், கடைத்திறப்பு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். பதினெட்டு வருஷமாகக் கட்சியின் நகரச் செயலாளரும் அவர்தான். மைக் சொந்த மைக் என்பதால் மேடையிலிருந்து அவரை யாரும் பாதியில் இறக்கியது கிடையாது. எதிரே எப்போதும் இருநூறு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் தம் பேச்சின் மகிமை என்பது அவருடைய திடமான அபிப்பிராயம்.

அந்த இருநூறு பேரையும் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தது அவர் மனைவி. தேர்தல் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததால் ஊருக்கே அவர் ஜெராக்ஸ் அக்கா. ஓய்வூதியமோ முகவரி மாற்றமோ, அக்கா கையால் நிரப்பிய விண்ணப்பம் திரும்பி வராது என்று பேச்சு.

கடந்த இரண்டு தேர்தலிலும் அக்கா தமக்கும் ஒரு விருப்ப மனு எழுதினார். வேட்பாளராக நிற்க ஆசைப்படுகிறவர்கள் கட்சிக்குக் கொடுக்கிற மனு அது. நகரச் செயலாளர் வழியாகத்தான் மேலிடத்துக்குப் போகவேண்டும். நகரச் செயலாளர் இரண்டு தடவையும் அதன் அடியில் “குடும்பப் பொறுப்பு காரணமாக மனுதாரர் விலகிக்கொள்கிறார்” என்று எழுதி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து, “பெண்களுக்கு இந்தத் தடவை இடமில்லைன்னுட்டாங்க” என்று உதட்டைப் பிதுக்கினார்.

இந்த முறை சீட்டு அவருக்கே வந்துவிட்டது. கூடவே ஒரு மாற்று வேட்பாளரின் பெயரும் வேண்டும் என்றது மேலிடம். கட்சி வக்கீல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார். வக்கீலைப் போட்டால் நாம் எப்போது வழுக்கி விழுவோம் என்று பார்த்துக்கொண்டே நிற்பான் என்று மைக்செட் கணக்குப் போட்டார். நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

“ஒரு கையெழுத்து வேணும். நீதான் மாற்று வேட்பாளர்.”

“அப்படின்னா?”

“ஒண்ணுமில்லை. பஸ்ல ஸ்டெப்னி இருக்கும்ல, அதுமாதிரி. என் மனுவை ஏத்துக்கிட்டதும் உன் மனு தானாப் போயிடும்.”

“உங்க மனுவை ஏத்துக்கலைன்னா?”

“பதினெட்டு வருஷ ஆளு மனுவை எவன்டி தள்ளுவான்?”

“சரிங்க” என்றார் அக்கா. மெஷினை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேருடைய உறுதிமொழிப் பத்திரத்தையும் அக்காவே நிரப்பினார். தம்முடையதில் கணவர் தொழில் என்ற கட்டத்தில் “ஒலிபெருக்கி வாடகை” என்று எழுதினார். கணவருடையதில் அதே கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“மனைவியின் தொழில்னு கேட்டிருக்கு.”

“இல்லத்தரசின்னு போடு.”

“நான் கடை வச்சிருக்கேனே.”

“அதைப் போட்டா, பொண்டாட்டி சம்பாத்தியத்துல அரசியல் பண்றான்னு வக்கீல் தெருத்தெருவாச் சொல்லுவான்.”

“பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டா கேஸாயிடும்ங்க.”

“அப்போ காலியா விடு.”

“காலியா விடக்கூடாதுங்க.”

“மொத்தம் எத்தனை கட்டம் இருக்கு?”

“நூத்திச் சொச்சம்.”

“நூத்திச் சொச்சத்துல ஒண்ணை எவன் உக்காந்து பாக்கப்போறான்? விடுன்னா விடு.”

அக்கா விட்டார். மைக்செட் படிக்காமலே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். அதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

மனுத் தாக்கலன்று மாலையும் கழுத்துமாகப் போனார். அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார். மைக்செட் அதைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினார்.

“படிச்சிட்டீங்களா?” என்றார் அக்கா.

“ரசீதை எவனாவது படிப்பானா? ஃபைல்ல வை.”

அக்கா படித்தார். காலியாக விட்ட கட்டத்தை நிரப்பி, நாளை காலை பதினோரு மணிக்குப் பரிசீலனை தொடங்குமுன் புதுப் பத்திரம் தரவேண்டும், தராவிட்டால் மனு தள்ளுபடி என்று இருந்தது. இன்னொரு தரம் படித்தார். ஃபைலில் வைத்தார்.

மறுநாள் காலையில் அக்கா மனசு கேட்காமல் ஒரு தரம் வாயைத் திறந்தார்.

“அந்தத் தாளை ஒரு பார்வை பாத்துடுங்களேன்.”

“வெற்றி விழாவுக்குப் பேச்சு தயார் பண்ணிக்கிட்டிருக்கேன். கண்ணு தெரியலையா உனக்கு?”

பதினொன்றேகாலுக்கு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மைக்செட்டின் மனுவைத் தள்ளுபடி செய்தார். மைக்செட் மைக் இல்லாமலே அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி பேசினார். அதிகாரி பேச்சு முடியும்வரை பொறுத்திருந்து, “ஐயா, அந்தக் கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு” என்றார். பிறகு அடுத்த மனுவைப் புரட்டினார். பிழையில்லை. அக்கா வேட்பாளர் ஆனார்.

பதினெட்டு வருஷ ஆசை ஒரு கட்டத்துக்குள் விழுந்துவிட்டதே என்று வீட்டுக்கு வருகிறவரை மைக்செட்டுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உயிர் திரும்பியது. பெயர்தானே மாறியிருக்கிறது, ஆள் நம் வீட்டு ஆள்தானே.

“ஒண்ணும் கெட்டுப்போகலை. பேரு உன்னுது, பேச்சு என்னுது. யார் என்ன கேட்டாலும் வீட்டுக்காரரைக் கேளுங்கன்னு சொல்லிடு.”

“ஏன், எனக்கு வாயில்லையா?”

மைக்செட் அப்போதுதான் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தத் தாளைப் படிச்சியா நீ?”

“படிச்சேன்.”

“ஏன் சொல்லலை?”

“படிச்சிட்டீங்களான்னு கேட்டேன். பாத்துடுங்கன்னும் சொன்னேன். ரெண்டு தடவை. மாநில மாநாட்டுல மகளிரணித் தலைவி என்னை நிறுத்தி, ஏம்மா ரெண்டு தடவையும் விலகிக்கிட்டேன்னு கேட்டாங்களே, அதுவரைக்கும் எனக்கு யாரு சொன்னா? அவங்க காட்டின மனுவுல எழுதியிருந்தது உங்க கையெழுத்துன்னு அங்கேயேதான் பாத்தேன்.”

மைக்செட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கிறவரை கூடவே நின்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார்.

“நாளைக்கு முதல் கூட்டம். சாயங்காலம் அஞ்சு மணி. மைக் கட்டிட்டு, இந்த நாலு தெருவுக்கும் போய் ஆள் கூட்டிட்டு வந்துடுங்க.”

“நானா?”

“இத்தனை நாள் நான்தானே போனேன். ஒண்ணும் கஷ்டமில்லைங்க. பாதிப் பேர் குழந்தையை விட்டுட்டு வரமுடியாதும்பாங்க. அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணிக் குடுத்துடணும்.”

மறுநாள் மைக்செட் கம்பத்துக்குக் கம்பம் ஏறி ஒலிபெருக்கியைக் கட்டி முடித்து, வேர்வையோடு முதல் தெருவுக்குள் நுழைந்தார். யாரையும் கூட்டவேண்டியிருக்கவில்லை. பெண்கள் கூட்டங்கூட்டமாக எதிரே வந்தார்கள், அவரைத் தாண்டிப் போனார்கள். கடைசி வீட்டில் இடுப்பில் குழந்தையும் கையில் பூட்டுமாக நின்ற ஒரு பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க யாருங்க?”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நகரச் செயலாளர்” என்றார். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “ஜெராக்ஸ் அக்கா வீட்டுக்காரர்” என்றார்.

“அட, முதல்லயே சொல்றதுக்கென்ன. அக்கா பேச ஆரம்பிச்சிடுவாங்க, லேட்டாச்சு. இவளைக் கொஞ்சம் பிடிங்கண்ணே.”

கைக்குழந்தையை அவர் தோளில் சாய்த்துவிட்டு ஓடினாள். குழந்தை வீறிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து, மேடைக்காகவே வைத்திருந்த குரலில் மைக்செட் “கண்ணே” என்று ஆரம்பித்தார். குழந்தை இன்னும் உரக்க அழுதது. என்னென்னவோ சொல்லிப் பார்த்து ஓய்ந்து வாயை மூடினார். கம்பத்து ஒலிபெருக்கியில் அவர் மனைவி பேசத் தொடங்கினார். குழந்தை இரண்டு விம்மல் விம்மிவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனது.