பெஞ்சுக்கு வந்த சூடு

என் முழங்கைதான் தட்டியது. மனைவி பேபி இரு கையாலும் பொத்திப் பிடித்து, செபம் சொல்லி மேசையில் வைத்த டம்ளர் கவிழ்ந்தது. அவளுக்குப் பயந்து, அவள் பார்ப்பதற்குள் வைத்தியரின் கேனிலிருந்து நானே மூலிகைத் தண்ணீர் பிடித்து அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளையூரணியில் கிருபாநிதி வைத்தியரின் முகாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள், நிற்கப் போகிறவர்கள், நின்றவர்கள் என்று பந்தல் கொள்ளாத கூட்டம். மணப்பாட்டிலிருந்துகூட வேன் போட்டு வந்திருந்தார்கள். பெண் டம்ளரைப் பிடித்தால் அவள் கருப்பைச் சூடு தண்ணீரில் இறங்குமாம். முத்துப்பொடி போட்டால் பொங்கி வெளியேறுமாம். பொங்கினால் அசோகப்பட்டைக் கஷாயம் பாட்டில் பாட்டிலாக. பொங்காத பெண் இதுவரை பிறக்கவில்லை.

பேபியிடம் என்ன செய்கிறது என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "சூடு" என்பாள். முகம் வெளுத்துக் கிடக்கிறது. துணியை ஒளித்துக் காயப்போடுகிறாள். டாக்டரிடம் போவோமா என்றால், வைத்தியர் பார்த்துக்கொள்வாராம்.

வைத்தியர் பொடியைப் போட்டார். பொங்கியது.

"தாயி, உன் சூடு என்னமா வருது பாரு."

"அது நான் பிடிச்ச டம்ளரு, வைத்தியரே." என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? பேபி பார்த்த பார்வையில் எனக்கு நிஜமாகவே சூடு ஏறியது.

வைத்தியர் அசரவில்லை. "புருசன் பொண்டாட்டி ஒரே வீடு. ஒட்டிக்கிடும், அண்ணாச்சி."

மீசை வைத்த எனக்குக் கருப்பைச் சூடு. சரி, இருக்கட்டும்.

"அப்பம் யாரும் பிடிக்காம, இந்தப் பெஞ்சுல ஒரு டம்ளர வச்சு ஊத்துங்க, பாப்போம்."

தெய்வக் குத்தமாகிவிடும் என்று அவர் இழுத்தார். அதற்குள் முன்வரிசையில் இருந்த ஊறுகாய்க்காரி தங்கத்தாய் எழுந்து தானே ஊற்றி, ஒரு சிட்டிகைப் பொடியும் போட்டுவிட்டாள். நுரை வழிந்து பெஞ்சு நனைந்தது.

"ஏ வைத்தியரே, பெஞ்சுக்கு எப்பம் நின்னுச்சு?" என்றவள் டம்ளரை மோந்து பார்த்தாள். "ஓமத்தப் போட்டு மறைச்சிருக்கான். ஊறுகாய்க்கு ஊத்துத வினிகர்லா இது. பொடி, வெறும் சிப்பித் தூளு."

பந்தல் சிரித்து முடிப்பதற்குள் வைத்தியர் பைக்கை உதைத்துவிட்டார். கூட்டத்தில் பாதி, பெஞ்சு எப்படிப் பொங்கியது என்று யோசித்தது. மீதி, பெஞ்சுக்கும் ஒரு பாட்டில் வாங்கினால் என்ன என்று யோசித்தது. யோசிப்பதிலும் இப்படி இரண்டு வகை இருக்கிறது. நாம் எந்த வகை என்று அவரவர் பார்த்துக்கொள்வது நல்லது.

பேபி மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் மறுபடி கேட்டேன்.

"இப்பமாவது சொல்லு. என்ன செய்யுது?"

"நின்னு ரெண்டு வருசம் ஆச்சுல்லா. இப்பம் திரும்ப ரத்தம் போவுது. கெட்ட ரத்தம், போவட்டும்னு அவன் சொன்னான். நம்பிட்டேன். பயமா இருக்கு. வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க."