கழிப்பறையை விற்ற ஆவி

"இந்த மெஷினுக்கு, செத்தவன் யாரு, உயிரோட இருக்கிறவன் யாருன்னு தெரியுமாம்மா?"

அச்சு மெஷினைப் பொருத்திக் கொடுத்த அன்று மெக்கானிக் ஸ்பிரிடோன் ராலிட்சாவிடம் கேட்டது இது. கேட்டதோடு விடவில்லை. தன் படத்தையே போட்டு, தனக்கே ஒரு மரண அறிவிப்பு அடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் செத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் பஸ் ஏறினார்.

பல்கேரியாவின் அந்த மலையடி ஊரில் ராலிட்சாவின் பிழைப்பே மரண அறிவிப்புதான். யார் செத்தாலும் படம் போட்ட தாள் வேண்டும். வீட்டு வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று.

ஊரில் ஆளில்லாத வீடுகள் ஏராளம். வாங்கிப் போட்டால் விலை ஏறும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஒரு வீட்டுக்குப் பதினோரு வாரிசு. மூவர் ஸ்பெயினில், நால்வர் ஜெர்மனியில், மீதிப் பேர் எங்கேயோ. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம்.

அப்போதுதான் வந்திறங்கினார் புரோடன். முன்னாள் பஸ் கண்டக்டர், இந்நாள் ஆவிகளின் ஏஜென்ட்.

"பதினோரு பேரை எதுக்குத் தேடணும்? வீட்டுக்காரரையே கேட்டுடலாம். செத்துட்டார், அவ்வளவுதானே?"

கூட்டம் வாயைப் பிளந்தது. சட்டம் படித்த எவனுக்கும் தோன்றாத யோசனை.

சனிக்கிழமைதோறும் வாசகசாலைக் கூடத்தில் மெழுகுவத்தி எரியும். ஆவி வரும், விம்மும், புரோடன் கையால் கையெழுத்துப் போடும். வாங்குகிறவர் அவரிடமே பணத்தைக் கட்டுவார். எல்லா ஆவிக்கும் ஒரே கையெழுத்து. "மேல ஒரே பள்ளிக்கூடம்" என்று விளக்கம் வந்தது. மறுத்த ஆவி ஒன்றுகூட இல்லை. உயிரோடு இருந்தவரை அடுத்த வீட்டுக்குத் தீப்பெட்டி தராதவர்கூட, செத்த பிறகு மாடி வீட்டைத் தாராளமாகக் கொடுத்தார்.

ராலிட்சாவின் கணவன் டென்ச்சோ குடியிருந்த வீட்டையே விற்றுவிட்டான். மாசக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

"செத்துப்போன டாக்டரோட வீட்டை வாங்கப் போறோம். வர்ற சனிக்கிழமை அவர் ஆவி சம்மதம் தருது. பணம் முழுக்க அங்கேயே கட்டிடறேன்."

"பத்திரம்?"

"நாற்பது நாள்ல தானா வருமாம். நீ தாள் அடிக்கிற வேலையைப் பாரு."

அவள் அதைத்தான் பார்த்தாள். ஆவிகள் சொன்ன சேதி ஒவ்வொன்றும் அவள் தாளில் அச்சடித்ததுதான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஸ்பிரிடோனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, உங்களை நாலு நாள் சாகடிச்சுக்கட்டுமா?"

"கேட்டுட்டுச் செய்யறியே, அதுவே பெரிசு. சனிக்கிழமை எழுப்பி விட்டுடு."

அவர் அன்று அடித்துப் பார்த்த பழைய தாளில் ஒரு வரி சேர்த்தாள்: 'சதுக்கத்துப் பொதுக் கழிப்பறை நிற்கும், அரசாங்கம் பிடுங்கிய தாத்தா நிலத்தின் உரிமையாளர்.' கழிப்பறைக் கதவிலேயே ஒட்டினாள்.

சனிக்கிழமை கூடம் நிரம்பியது. டென்ச்சோ பணப்பையை மடியில் வைத்திருந்தான். டாக்டருக்கு முன்னால் வேறொரு ஆவி அவசரப்படுவதாகப் புரோடன் சொன்னார். கண்கள் செருகின.

"நான் ஸ்பிரிடோன்... அரசாங்கம் பிடுங்கின என் தாத்தா நிலம்... கழிப்பறையோட குடுக்கச் சம்மதம்..."

"நாலு கதவு, நல்ல வருமானம்" என்று ஒருவர் விலை கேட்கவே ஆரம்பித்துவிட்டார்.

பின்வரிசையில் ஸ்பிரிடோன் எழுந்தார். "எனக்கு முட்டிவலி மட்டும்தான் சார். சாகற அளவுக்கு இல்லை."

தாளில் பார்த்த அதே முகம். ஒரு அம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பாத்தீங்களா, ஆவியை நேர்லயே வரவழைச்சிட்டாரு." நாலு பேர் கைதட்டினார்கள்.

"ஆவி பஸ்ஸுல டிக்கெட் எடுத்தா வரும்?" என்று ஸ்பிரிடோன் டிக்கெட்டை நீட்டினார்.

புரோடன் பழக்கதோஷத்தில் வாங்கினார். தேதி பார்த்தார், ஓரத்தைக் கிழித்தார், திருப்பிக் கொடுத்தார். "சரியாத்தான் இருக்கு, இன்னைக்கு டிக்கெட்" என்று வாயும் சொல்லிவிட்டது.

கைதட்டல் நின்றது. டென்ச்சோ பணப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

ராலிட்சா எழுந்தாள். "உயிரோட இருக்கிற பதினோரு பேருக்கு ஒரு கடுதாசி போட உங்களுக்குச் சோம்பல். செத்தவன் சரின்னு சொன்னா மட்டும் பணத்தைக் கொட்டுவீங்க. தலைங்கறது தொப்பி மாட்டறதுக்கு மட்டுமா?"

புரோடன் மெழுகுவத்தியை ஊதி அணைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.