மூன்று அழுத்தினால் குழம்பு

திண்டிவனம்,
வியாழக்கிழமை.

என் மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய மாப்பிள்ளை ராஜ்குமார் அவர்களுக்கு, மாமனார் அப்பாதுரை எழுதுவது. இங்கே நானும் வீடும் சுகம். என் வலது கணுக்கால் மட்டும் சுகமில்லை. அங்கே தாங்களும் கலைமதியும் தங்கள் மோட்டார் சைக்கிளும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது, அதுவும் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் விழுப்புரத்தில் இருக்கும்போது, மாமா எதற்காக ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம் போடுகிறார் என்று தாங்கள் யோசிக்கலாம். வீட்டு விலாசத்துக்குப் போட்டால் கலைமதி பிரிப்பாள். போனில் சொன்னால் பக்கத்தில் நின்று கேட்பாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்பி என்னையும் என் கட்டிலையும் விழுப்புரத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதாக அவள் முடிவு செய்திருப்பது தங்களுக்குத் தெரியும். அந்த வேனைத் தாங்கள் எப்படியாவது நிறுத்த வேண்டும். நடந்தது என்ன என்று என் தரப்பில் சொல்லிவிடுகிறேன். அவள் தரப்பைத் தாங்கள் தினமும் சாப்பாட்டோடு கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நர்சிங் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டு நன்றாக இருந்த பெண், உடல்நல மற்றும் சமூகப் பராமரிப்புச் சேவைகளில் புதுமை என்று ஒரு ஆராய்ச்சி எடுத்தாள். முப்பது வருஷம் திண்டிவனம் - விழுப்புரம் ரூட்டில் கண்டக்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு நீளமான பெயர் எந்தப் பஸ் போர்டிலும் கொள்ளாது. தனியாக இருக்கும் வயதானவர்கள் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவது, அதில் ஒரு பொத்தான், ஆபத்து வந்தால் அழுத்த வேண்டும், அழுத்தினால் நாலு பேர் போனில் மணி அடிக்கும், இதுதான் புதுமை. என் கையிலும் ஒன்றைக் கட்டினாள். முதல் போன் மாடியில் குடியிருக்கும் சீனுவாசன். இரண்டாவது தெருமுனை ஆட்டோ இருதயராஜ். மூன்றாவது எதிர்வீட்டுக் காந்திமதி. நாலாவது யாரம்மா என்று கேட்டதற்கு, "அது சிஸ்டம்பா" என்றாள். கம்ப்யூட்டர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கட்டிய மறுநாளே மத்தியானம் புரண்டு படுத்ததில் பொத்தான் அழுந்திவிட்டது. கண் விழித்தால் மூன்று பேரும் என் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். காந்திமதி கையில் கரண்டி, சீனுவாசன் காதில் எப்போதும் மாட்டியிருக்கும் ஒயர், இருதயராஜ் ஏற்கெனவே என் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று நிரூபிப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று டீ போட்டுக் கொடுத்தேன். அந்த டீயில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நம் வீட்டு மோட்டார் சுவிட்சை எலக்ட்ரீஷியன் மாடியில் வைத்துவிட்டுப் போனது தாங்கள் அறிந்ததே. தண்ணீர் வேண்டுமென்றால் நான் கீழே நின்று கத்த வேண்டும். சீனுவாசன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், காதில் ஒயர் இருப்பதால் அவருக்குக் கேட்காது. அவர்தான் சொன்னார், "எதுக்கு சார் தொண்டையப் புண்ணாக்கிக்கினு? அதான் கையில மணி வெச்சிருக்கீங்களே, ஒரு மிஸ்டு கால் வுடுங்க, போட்டுடறேன்." உடனே இருதயராஜ், "அப்ப எனக்கு ரெண்டு வுடுங்க சார், வண்டிய எட்த்துக்கினு வந்துடறேன்" என்றார். காந்திமதி மட்டும் சும்மா இருப்பாரா? "மூணு வந்தா நீங்க சமைக்கலன்னு தெரிஞ்சிக்கிறேன், குழம்ப மதிலு மேல வெக்கிறேன், எட்த்துக்குங்க" என்றார்.

ஒரு விசிலுக்கு நிறுத்தி இரண்டு விசிலுக்கு எடுத்தே பழகியவன் நான், எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒன்று மோட்டார், இரண்டு ஆட்டோ, மூன்று குழம்பு. உங்கள் அத்தை போன பிறகு இந்த வீட்டில் நான் கேட்டு ஒரு காரியம் உடனே நடந்தது இப்போதுதான், மாப்பிள்ளை. இதில் ஆபத்துக்கு என்று ஒரு எண்ணிக்கை வைக்கவேண்டும் என்பது மட்டும் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் கலைமதிக்கு வழிகாட்டும் பேராசிரியர் சக்கரபாணி ஒருநாள் நேரில் வந்தார். திண்டிவனம், வளவனூர் இரண்டு ஊர்களிலும் ஆராய்ச்சியில் இருக்கும் முதியவர்களிலேயே, பொத்தான் கணக்குப்படி என் அளவுக்கு ஆபத்தில் இருப்பவர் வேறு யாருமில்லை, ஆனால் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன், அது எப்படி என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். எனக்கு ஆபத்தே வந்ததில்லை என்றேன். பின்னே எதற்கு அழுத்துகிறீர்கள் என்றார். நான் வாயால் சொல்லாமல் மூன்று தடவை அழுத்திக் காட்டினேன். சற்று நேரத்தில் மதில் மேல் கருவாட்டுக் குழம்பு வந்து உட்கார்ந்தது. அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வெகுநேரம் எழுதினார். "புதுமைன்றது மிஷின்ல இல்லீங்க, ஜனங்க அத என்னவா மாத்திக்கிறாங்கங்கிறதுலதான் இருக்குது" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதும் பொத்தான் அழுந்தி, மோட்டார் ஓடியது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் பின்பக்கம் துணி உலர்த்தப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீர். வழுக்கி உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. கணுக்கால் திரும்பிக்கொண்டது. பயந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கத்திப் பார்த்தேன். சீனுவாசன் காதில் ஒயர், காந்திமதி வீட்டில் மிக்சி. சரி, இதற்காகத்தானே கட்டினாள் என்று பொத்தானை அழுத்தினேன். மோட்டார் ஓட ஆரம்பித்தது. இரண்டு தடவை அழுத்தினேன். வாசலில் ஆட்டோ வந்து நின்று ஆரன் அடித்தது. நான் தலை வாரிக்கொண்டு வருகிற வரைக்கும் காத்திருப்பது இருதயராஜின் வழக்கம், அதன்படி காத்திருந்தார். மூன்று அழுத்தினேன். மதில் மேல் பாத்திரம் வைக்கிற சத்தமும், "சார், சூடா கீது, பாத்து எடுங்க" என்கிற குரலும் கேட்டன. மோட்டார் சத்தத்தில் நான் போட்ட கூச்சல்தான் வாசலுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு எண்ணாமல் அழுத்தினேன். சீனுவாசன் மோட்டாரை நிறுத்தினார், போட்டார், நிறுத்தினார், போட்டார், கடைசியில் போட்டது போட்டபடி விட்டுவிட்டார். தொட்டி நிரம்பி, வழிகிற குழாய் சரியாக என் தலைக்கு மேல் இருந்ததால், அவ்வளவு தண்ணீரும் என் மேலேயே விழுந்தது. உள்ளே சார்ஜில் போட்டிருந்த என் போன் வேறு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் இருதயராஜ்தான் பொறுமை போய்ப் பின்பக்கம் வந்தார். "இன்னா சார் பேஜாரு, ஆரன் அட்ச்சி அட்ச்சி பேட்டரியே பூடும் போலகீது, நீங்க சட்டையோட குளிச்சிக்கினு இருக்கீங்க?" என்று கோபித்துக்கொண்டார். விழுந்துவிட்டேன் என்றதும் மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "அதுக்கு எத்தினி அழுத்தணும்னு நீங்க சொல்லவே இல்லியே சார்" என்றார். அது நியாயம்.

அவர் என்னைத் தூக்கிக் கல் மேல் உட்கார வைத்து, நான் மூச்சு வாங்கி, காந்திமதி ஓடிவந்து அழுது, சீனுவாசன் ஒயரைக் கழற்றி, இப்படி ஒரு மணி நேரம் போனபோது வாசலில் கலைமதி நிற்கிறாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் உங்கள் செருப்பு. அது இங்கேதான் இருக்கிறது, தாங்கள் தேட வேண்டாம். நீ எப்படியம்மா வந்தாய் என்று கேட்டேன். அப்படியே கத்தினாள். "நாலாவது நம்பர் சிஸ்டம்னு சொன்னேன்ல, அந்தச் சிஸ்டம் நான்தாம்பா! காலையில ஒண்ணு வந்தா அப்பா எழுந்துட்டாருன்னு தெரிஞ்சிக்குவேன். ரெண்டு வந்தா கடைத்தெருவுக்குக் கிளம்பிட்டாரு. மூணு வந்தா இன்னிக்கும் சமைக்கல. இதுல ஒண்ணுகூட ஆபத்து இல்லன்னு எனக்குத் தெரியாதாப்பா? இன்னிக்கு எல்லாம் ஒண்ணா வந்திச்சி, எண்ணவே முடியல, போன் பண்ணா எடுக்கல, நான் இன்னான்னு நெனைக்கிறது?" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அழுது முடித்த கையோடு வேனுக்குப் போன் செய்துவிட்டாள்.

மாப்பிள்ளை, தாங்கள் எனக்கு அறை ஒதுக்கி வெள்ளை அடிக்கச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மனசு நிறைந்துவிட்டது. ஆனால் விழுப்புரம் எனக்கு இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிற ஊர், உடம்பு அப்படிப் பழகிவிட்டது. உங்கள் மூன்றாவது மாடியில் நான் பொத்தானை அழுத்தினால் யார் வருவார்கள்? இது உங்கள் அத்தை இருந்த வீடு. இதை விட்டு வர எனக்கு மனசே இல்லை. இதைக் கலைமதியிடம் சொன்னால் மறுபடி அழுவாள், அதனால்தான் தங்களிடம் சொல்கிறேன். ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், நான் வருவது தங்களுக்குப் பிடிக்காதது போல ஞாயிறு வரைக்கும் கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்க வேண்டும். தாங்கள் தங்கமானவர் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் முயற்சி செய்யுங்கள். மாமா குறட்டை விடுவார், பாத்ரூமில் ஒரு மணி நேரம் இருப்பார், நியூஸ் சத்தமாக வைப்பார் என்று எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், முதலிரண்டும் உண்மைதான். அப்படியே இந்தப் பட்டையையும் என் கையிலிருந்து கழற்றி, வளவனூர் பக்கம் யாராவது நிஜமான ஆபத்தில் இருப்பவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எனக்கு இனி இது வேண்டாம். பெண்ணை ஜோடி மாறிய செருப்போடு ஓட வைக்கிற புதுமை எனக்கு எதற்கு?

தாங்களும் கலைமதியும் எந்த வண்டியில் ஏறினாலும் ஜன்னலோரம் இடம் கிடைத்து, நீண்ட தூரம் சேர்ந்தே போக வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

தங்கள் அன்பு மாமா,
அப்பாதுரை.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். பசை பிடிக்கட்டும் என்று கவர் மேல் கையை வைத்து அமுக்கியதில் பொத்தானும் அமுங்கிவிட்டது. மோட்டார் ஓடியது. உடனே போன் அடித்தது. "என்னப்பா, இந்நேரத்துல மோட்டாரா?" என்றாள் கலைமதி. "இல்லம்மா, சும்மா" என்றேன். "சும்மாவுக்கு எத்தனைன்னு வெச்சிருக்கீங்க?" என்றாள். அதற்கும் வைக்கவில்லை என்று சொல்லி, பேச்சோடு பேச்சாக மேலே எழுதிய எல்லாவற்றையும் நானே அவளிடம் சொல்லிவிட்டேன். முகம் சுளிக்கச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அழவில்லை, சிரித்தாள். பேராசிரியர் இனிமேல் இந்தத் தெருவையே முழுசாக ஆராயச் சொல்லியிருக்கிறாராம். அதனால் அவள் இங்கேயே வந்து தங்கி எழுதப்போகிறாள், காலேஜுக்குப் பஸ்ஸில் போய் வருவாளாம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்றாள். எனவே ஞாயிற்றுக்கிழமை வேனைத் தயவுசெய்து நிறுத்திவிட வேண்டாம். அவள் மேசை, கம்ப்யூட்டர், துணிமணி எல்லாவற்றையும் தாங்களே ஏற்றி அனுப்பவும். முகமும் சுளிக்க வேண்டாம், இப்போது சுளித்தால் வேறு அர்த்தமாகிவிடும். பட்டையை நான் கழற்றப்போவதில்லை. தாங்கள் அங்கே தனியாக இருக்கப்போவதால் தங்களுக்கும் ஒன்று கட்டிவிடச் சொல்லியிருக்கிறேன், அதில் இந்தத் தெரு முழுவதும் இருக்கும். ஆபத்துக்கு நாலு என்று முடிவாகியிருக்கிறது. மூன்று அழுத்தினால் குழம்பு மதில் மேல்தான் வரும், தாங்கள் பஸ் பிடித்து வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் எக்காரணம் கொண்டும் அழுத்த வேண்டாம், இங்கே தொட்டி ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கிறது.