கரடி வாங்கிய காதில் விழாத பாட்டு

செல்போன் டவர் நன்றாகக் கிடைக்கும் ஒரு காட்டில், செங்கோடன் என்ற கரடி தன் மனைவி பூவாயியோடு வாழ்ந்து வந்தது. அதற்குப் பாட்டு என்றால் உயிர்.

ஒருநாள் பாட்டு விற்கும் நரி அதைக் கூப்பிட்டது.

"அண்ணா, நீங்க கேக்கறதெல்லாம் வெட்டிச் சுருக்கின பாட்டு. இது ஹை-ரெஸ், எதையும் வெட்டாத பாட்டு. காதுக்கு எட்டாத சத்தம்கூட இதுல அப்படியே இருக்கு."

"என் காதுக்கு எட்டுமா?"

"எட்டாதுங்க. ஆனா இருக்கு."

அந்த 'ஆனா இருக்கு' செங்கோடனைக் கிறங்கடித்துவிட்டது. மழைக்காலத்துக்கு வைத்திருந்த தேனடை மூன்றையும் கொடுத்து, ஒரே ஒரு பாட்டை வாங்கியது. போனில் இடம் போதவில்லை. எதையோ அழித்து இடம் பண்ணியது.

சாயங்காலம் பூவாயி போனை எடுத்துப் பார்த்தது.

"ஏனுங்க, நம்ம கல்யாண வீடியோ எங்க?"

"அது... பாட்டுக்கு இடம் பத்தலை, பூவு."

பூவாயி ஒரு துண்டை எடுத்துக் கணவனின் கண்ணைக் கட்டியது.

"அதே பாட்டு பழைய ஃபைல்லயும் இருக்கு. ரெண்டையும் மாத்தி மாத்திப் பத்துத் தடவை போடறேன். எது புதுசுன்னு சொல்லிட்டீங்கன்னா விட்டுடறேன். இல்லைன்னா எங்கம்மா குகைக்குப் போயிடுவேன்."

செங்கோடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மூக்கெல்லாம் வியர்த்தது. பத்தில் ஐந்து சரி.

"பாஸ்!" என்று குதித்தது. "முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸு. நான் அம்பது!"

"குருட்டாம்போக்குல சொன்னாலும் அஞ்சு வருமுங்க" என்று பூவாயி பெட்டியைக் கட்ட ஆரம்பித்தது.

செங்கோடனுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் வௌவாலைக் கூட்டிவந்தது. மற்றவர் காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தமெல்லாம் கேட்கும் காது காட்டிலேயே வௌவாலுக்குத்தான். அது தலைகீழாகத் தொங்கி, ஹெட்போனைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியது.

"இருக்கு" என்றது.

"என்ன இருக்கு?" என்று பூவாயி கேட்டது.

"பாட்டு எடுத்த ரூம்ல ஒரு டியூப்லைட் கெட்டுப்போயிருக்கு. ஙீ...ன்னு கத்துது. உங்க காதுக்கு எட்டாததுன்னா அது ஒண்ணுதான்."

"இருக்கு! இருக்கு!" செங்கோடன் வௌவாலைக் கட்டிக்கொண்டு ஆடியது.

செய்தி காடெல்லாம் பரவியது. மறுநாள் காலை நரி கடையில் ஒரே கூட்டம். யானை நின்றது, முயல் நின்றது, காதே இல்லாத மண்புழுகூட நின்றது. எல்லோருக்கும் ஒரே கவலைதான்: நாம் வாங்கும் பாட்டில் அந்தச் சத்தம் நிஜமாகவே இருக்குமா?

கட்டின பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, தேனைத் திருப்பி வாங்கச் சண்டைக்கு வந்த பூவாயி, அந்த வரிசையைப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. கடை வாசலில் மேசை போட்டு, மேலே ஒரு கம்பியில் வௌவாலைத் தொங்கவிட்டு, 'காதில் விழாத சத்தம் உள்ளே இருக்கிறது' என்று சான்றிதழ் எழுதிச் சீல் குத்த ஆரம்பித்தது. ஒரு சீலுக்கு ஒரு தேனடை.

மத்தியானத்துக்குள் குகையில் தேன் வைக்க இடமில்லை. செங்கோடன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசையைச் சரிசெய்தது.

"தள்ளாதீங்க, தள்ளாதீங்க! அவசரப்படாம வாங்க, எல்லாருக்கும் கேக்காது!"

நீதி: காதில் விழாத சத்தத்தைத் தாராளமாகக் காசு கொடுத்து வாங்கலாம், அது இருப்பதாகச் சீல் குத்துவது உங்கள் வீட்டுக்காரம்மாவாக இருந்தால்.