மாஸ்டர் கெடுத்த துருக்கி ரொட்டி

“வாரத்துக்கு ஏழு நாள்னு யாருங்க சொன்னது? எனக்கு எட்டு! உங்க லீவு நாள் இருக்கே, அது ஒண்ணே எனக்கு ரெண்டு நாள் வேலை!”

மனைவி இதைச் சொன்னபோது டெய்லர் மாஸ்டர் ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தார். இன்னொரு செருப்பு அவள் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மணி ஒன்பதே முக்கால்.

“செருப்பைக் குடும்மா. பசங்க காத்துட்டிருப்பாங்க.”

“பசங்களா? மூணு பேருக்கும் சேத்து நூத்தறுபது வயசாகுது.”

அந்த மூன்று பசங்களில் ஒருவர் போட்டோ ஸ்டூடியோக்காரர். நண்பர்களுக்கு அவர் ‘இருட்டறை’. மருந்துக் கடைக்காரர் ‘மாத்திரை’. கரண்ட் வேலை செய்பவர் ‘ஃபியூஸ்’. ஞாயிறு தவறாமல் பத்து மணிக்கு ஸ்டூடியோவின் பின்னறையில் சீட்டுக்கட்டு இறங்கும். பைசா வைத்து ஆடுவதில்லை. தோற்ற கட்சி டீ போட வேண்டும், அவ்வளவுதான். ஆட்டத்துக்கு நான்கு கை வேண்டும். நான்காவது கை மாஸ்டர். ஆறு நாளும் பிறர் இடுப்பை அளந்து, பிறர் தோளை அளந்து, “போன தடவை சரியாத்தானே இருந்துச்சு, நீங்கதான் சின்னதா வெட்டிட்டீங்க” என்று குண்டானவர்களெல்லாம் சண்டைக்கு வர, அத்தனையையும் அவர் பொறுத்துக்கொள்வது இந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான்.

“நான் என்ன பண்ணணுங்கற?” என்றார். மெஷினை மிதித்து மிதித்துப் பழகிய கால், செருப்பு இல்லாமலே தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க சமைக்கணும்.”

“எனக்கு அடுப்பே பத்த வைக்கத் தெரியாதே!”

“தெரிய வேண்டாம். ஒரே ஒரு வாரம் செஞ்சு பாருங்க. வாயில வைக்க முடியலன்னா, இனிமே இந்த ஜென்மத்துல உங்களைச் சமையலறைப் பக்கம் கூப்பிட மாட்டேன். ஞாயித்துக்கிழமை முழுக்க உங்களுது. பத்து மணிக்கு என்ன, பல்லு விளக்கின உடனே போங்க.”

“நல்லா வந்துட்டா?”

“ஞாயித்துக்கிழமை சமையல் உங்களுது. ஆயுசு பூரா.”

மாஸ்டர் முகத்தை மிகவும் பாடுபட்டு வாடியதாக வைத்துக்கொண்டார். உள்ளே மத்தாப்பு.

கணவன்மார்களுக்கென்று ஒரு வித்தை உண்டு. வேலை சொன்னால் மறுக்கவே கூடாது. செய்ய வேண்டும்; இரண்டாவது தடவை யாரும் சொல்லாத மாதிரி செய்ய வேண்டும். வெண்டைக்காய் வாங்கி வரச் சொன்னால் ஆணி மாதிரி முற்றியதாகப் பார்த்து ஒரு கிலோ. ஒட்டடை அடிக்கச் சொன்னால் முதலில் மின்விசிறி விழ வேண்டும். பாத்திரம் கழுவச் சொன்னால் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து ஆரம்பம். கல்யாணமான முதல் வருஷமே மாஸ்டர் இவற்றில் பட்டம் வாங்கியிருந்தார். அப்பேர்ப்பட்டவரிடம் கெடுத்துக் காட்டு என்று சவால் விட்டால்?

“தீர்ப்பு யாரு சொல்றது? நீயே சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார்.

“உங்க கோஷ்டியையே கூப்பிடுங்க. வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க.”

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவள் செருப்பைக் கொடுத்துவிட்டாள். செருப்பு கைக்கு வந்தபின் எந்த ஆண்பிள்ளை நின்று யோசிக்கிறான்?

ஸ்டூடியோவில் சதி ஐந்தே நிமிஷத்தில் முடிந்தது.

“முதல் வாயிலயே துப்பிடறேன், மாஸ்டர்” என்றார் இருட்டறை.

“நான் வயித்தைப் பிடிச்சுக்கறேன். அது எனக்கு நல்லா வரும். தினமும் கவுண்டர்ல பாக்கறேனே” என்றார் மாத்திரை.

“நான் என்ன பண்ணட்டும்?” என்றார் ஃபியூஸ்.

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். வழக்கமா இருக்கிற மூஞ்சியே போதும்” என்றார் மாஸ்டர்.

மறு ஞாயிறு எட்டு மணிக்கு மாஸ்டர் சமையலறைக்குள் நுழைந்தார். மேடையில் எல்லாம் தயாராக இருந்தது. மாவு ஒரு கிண்ணத்தில். அலசி, பொடியாக நறுக்கி, துண்டில் உலர்த்திய கீரை. வெங்காயம். வெள்ளை வெளேரென்று உதிர்த்து வைத்த சீஸ். ஒரு சின்ன டம்ளரில் தயிர்.

“என்ன பண்ணப் போறேன் நான்?”

“துருக்கி நாட்டு ரொட்டி. கோஸ்லெமேன்னு பேரு.”

“கோஸ் எங்க காணோம்?”

“பேர்லதான் கோஸ். உள்ள கீரை.”

“பேர்லயே ஏமாத்து வேலையா? உருப்பட்ட மாதிரிதான்” என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டார். துருக்கி! தோசையென்றால் கூட எப்படி இருக்க வேண்டுமென்று நாலு பேருக்குத் தெரியும். கண்ணால் பார்க்காத பண்டம் எப்படிச் சரியாக வரும்? கெடுக்க வேண்டிய அவசியமே இல்லை போலிருக்கிறதே. இருந்தாலும் காரியத்தில் கண்ணாக அலமாரியைத் திறந்தார்.

“உப்பு டப்பா எங்க?”

“மேல் வீட்டுல கேட்டாங்க. குடுத்துட்டேன்.”

“டப்பாவோடயா?”

“டப்பாவோட. வேணுங்கற உப்பை மாவுல அளந்து போட்டுட்டேன்.”

“மிளகாத்தூளு?”

“அதையும்தான் கேட்டாங்க.”

ஆக, அவருக்கு மிச்சமிருந்தவை இரண்டு கைகளும் ஓர் அடுப்பும். போதும் என்று தோன்றியது. மாவைச் செருப்பு அடி மாதிரி தடிமனாக இடுவது, கோணல் மாணலாக மடிப்பது, கடைசியில் கரிக்கட்டையாகும்வரை வாட்டுவது. மூன்று கட்டமாகக் குற்றம்.

மாவில் தயிரையும் தண்ணீரையும் விட்டுப் பிசைந்தார். கடிகாரத்தைப் பார்த்து ஒரு குத்து, பின்னறையில் தூங்கும் சீட்டுக்கட்டை நினைத்து ஒரு குத்து. அவருடைய பரபரப்பையெல்லாம் அந்த மாவு வாங்கிக்கொண்டது. மாவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். பிறகு அதை ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, பால்கனிக்குப் போய் இருட்டறைக்குப் போன் போட்டார். துப்புவது எப்படி, எவ்வளவு தூரத்துக்குத் துப்புவது, தட்டிலா வாஷ்பேசினிலா என்று பேசி முடிக்க அரை மணி ஆயிற்று. திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால் மாவு காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தது.

“அரை மணி நேரம் ஊறணும்னு சொல்ல மறந்துட்டேன். நீங்களே ஊற வச்சுட்டீங்களே!” என்றாள் மனைவி, கதவருகே நின்று. “உருட்டறதுக்கு இந்தாங்க.”

அவள் நீட்டியது சப்பாத்திக் கட்டை இல்லை. மெலிசான, நீளமான, வழவழப்பான கழி. மாஸ்டருக்கு அதை நன்றாகத் தெரியும். அவர் கடையில் பட்டுத்துணி கசங்காமல் சுற்றி வைக்கும் கழி.

“இது எதுக்கு?”

“அந்த ஊர்ல இதுலதான் உருட்டுவாங்களாம்.”

அவள் போய்விட்டாள். ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம். நடுவர்கள் வந்துவிட்டார்கள்.

மாஸ்டர் ஓர் உருண்டையை எடுத்து வைத்து, செருப்பு அடியை மனதில் தியானித்து, கழியை உருட்டினார். ஒரு பக்கம் தடிப்பாக, ஒரு பக்கம் மெலிசாக வந்தது. அருமை! அப்படியே விட்டிருக்க வேண்டும். ஆனால் மாவின் நடுவே ஒரு சுருக்கம் விழுந்தது.

சுருக்கம். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கை பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. மாஸ்டர் ‘வேண்டாம்’ என்று நினைப்பதற்குள் கை அதை நீவிவிட்டது. நீவினதும் ஓரம் விரிந்தது. விரிந்ததைக் கழியில் சுற்றியது. சுற்றியதை ஓர் உதறு உதறி விரித்தது, வாடிக்கையாளர் முன் புடவைத் துணியை விரிப்பது போல. இன்னொரு சுற்று. இன்னொரு உதறு. சுதாரித்துக்கொண்டு பார்த்தால் மேடை மீது வட்டமாக, மல் துணி போல, கீழே உள்ள கல்லின் புள்ளிகள் தெரியும் மெலிசில் ஒரு மாவு விரிப்பு.

“சனியனே!” என்றார் தன் வலது கையைப் பார்த்து.

சரி, மடிப்பில் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் கீரை, வெங்காயம், சீஸ் மூன்றையும் அள்ளிப் போட்டார். வேண்டுமென்றே இடப்பக்கத்தை ஒரு விரல்கடை கோணலாக மடித்தார். பார்த்தார். உடம்பெல்லாம் என்னவோ ஊர்ந்தது. பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். ஜன்னலிலும் அந்தக் கோணல்தான் தெரிந்தது. கழுத்துப் பட்டி இப்படி இருந்தால் வாடிக்கையாளர் முகத்தில் விட்டெறிவார். யாரும் பார்க்கவில்லை, ஒரே ஒரு தடவை... இடப்பக்கத்தைப் பிரித்து நேராக மடித்தார். இடது நேரானதும் வலது உறுத்தியது. மேல், கீழ். நான்கு பக்கமும் மடித்து, ஓரத்தை விரல் நகத்தால் அழுத்தி, கீற்றுக் கீற்றாகத் தையல் ஓட்டினது போல் ஒட்டி முடித்தபின்தான் அவருக்கு மூச்சே வந்தது.

மிச்சமிருந்தது, மனைவியே பற்ற வைத்துவிட்டுப் போயிருந்த அடுப்பு. கருக்குவதற்குக் கைத்திறன் வேண்டாம். சும்மா நின்றால் போதும். தோசைக்கல்லில் போட்டுவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகட்டைப் பார்த்து நின்றார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நூறு வரை எண்ணுவதாக உத்தேசம். இருபத்தொன்றில் மூக்குக்கு ஒரு வாசனை வந்தது. லேசாக, மிக லேசாக, தீய ஆரம்பிக்கும் வாசனை.

கல்யாணக் கோட்டு ஒன்றில் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் பேசிய பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அந்த வாசனைக்குத் தூக்கத்தில்கூட எழுந்து ஓடுவார். இப்போதும் பாய்ந்தார். திருப்பிப் போட்டார். பொன்னிறப் புள்ளிகளோடு ரொட்டி உப்பிச் சிரித்தது.

இப்படியே ஆறு. ஆறும் ஒரே அளவு. டேப் வைத்துப் பார்த்தாலும் நூல் பிசகாது.

பரவாயில்லை, நடுவர்கள் நம்மவர்கள் என்று தைரியம் சொல்லிக்கொண்டு தட்டைக் கொண்டுபோய் வைத்தார். இருட்டறையைப் பார்த்து ஒரு கண்ணை அடித்தார்.

இருட்டறை ஒரு கடி கடித்தார். வாயைக் கோணினார். கோணினது கோணியபடி நின்றது. மெல்ல ஆரம்பித்தார்.

“துப்பு” என்றார் மாஸ்டர் உதடு அசையாமல்.

இருட்டறை விழுங்கினார்.

“எப்படியிருக்குண்ணா?” என்றாள் மனைவி.

“சகிக்கல, தங்கச்சி.” கை அடுத்ததை எடுத்துவிட்டது.

“சகிக்கலன்னா ரெண்டாவது எதுக்கு?”

“ஒண்ணை வச்சுத் தீர்ப்பு சொல்றது நியாயமில்ல பாருங்க.”

மாஸ்டர் மாத்திரையைப் பார்த்தார். மாத்திரை வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். இடம் போதுமா என்று பார்க்கிறவர் மாதிரி தடவிக்கொண்டிருந்தார். “வெளிய மொறுமொறு, உள்ள சீஸ் என்னமா இழுக்குது! மாஸ்டர், இத்தனை வருஷமா சட்டை தைச்சு வாழ்க்கையை வீணாக்கிட்டியேய்யா!”

கடைசி நம்பிக்கை ஃபியூஸ். அவர் மூஞ்சியோ மாஸ்டர் பார்த்தே இராத விதத்தில் எரிந்துகொண்டிருந்தது, புது பல்பு போட்ட மாதிரி.

“துரோகிங்களா!” என்றார் மாஸ்டர், எல்லார் முன்னிலையிலும்.

மனைவி கைகட்டி நின்றாள். “அவங்களைத் திட்டாதீங்க. சவால் விடறதுக்கு முன்னாடியே மூணு வாரமாத் தேடினேன். குழம்புன்னா நீங்க கெடுத்திருப்பீங்க. பொரியல்னா சட்டியோட கெடுத்திருப்பீங்க. உங்களால கெடுக்கவே முடியாதது என்னன்னு யோசிச்சேன். துணியை உதறி விரிச்சு, நாலு ஓரத்தையும் மடிச்சு, இஸ்திரி போடறது. ஏதாவது ஒரு நாட்டுல அதையும் திங்காமலா இருப்பாங்கன்னு தேடினேன். இருந்துச்சு.”

மாஸ்டர் காலித் தட்டைப் பார்த்தார். கால் தரையை வேகவேகமாக மிதித்தது.

“சரி, தோத்துட்டேன். செஞ்சாச்சு, தின்னாச்சு. மணி பத்தே காலாகுது. கிளம்புங்கப்பா.”

யாரும் கிளம்பவில்லை. மாத்திரை சட்டைப் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து மேஜை மீதே வைத்தார்.

“அங்க எதுக்கு மாஸ்டர்? இங்க காத்து வருது. ரொட்டியும் வருது.”

“நான் அடுப்புல நின்னா நாலாவது கை யாரு?”

“நான் வேணா உக்காரட்டுமா?” என்றாள் மனைவி, ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டு. “கான்வென்ட் ஹாஸ்டல்ல அஞ்சு வருஷம். சிஸ்டர் ஜெபத்துக்குப் போனா நாங்க சீட்டுக்கட்டை எடுப்போம்.” கட்டை வாங்கி அவள் கலைத்த கலைப்பில் மூன்று பசங்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“தங்கச்சி என் கட்சி!” என்றார் ஃபியூஸ்.

“என்னங்க, இன்னும் மாவு இருக்கு பாருங்க” என்றாள் அவள், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு சீஸ் தூக்கலா.”

மாஸ்டர் போனார். உருட்டினார், உதறினார், மடித்தார். ஹாலில் ஒரே சிரிப்பு. “அண்ணா, அந்த ராஜாவை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க!” என்று அவள் குரல். மேஜையைத் தட்டும் சத்தம். கல்லில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசல்வரை எட்டிப் பார்த்தார்.

“யாராவது ஒருத்தர் ரெண்டு நிமிஷம் அடுப்பைப் பாத்துக்கங்களேன். ஒரே ஒரு கை ஆடிட்டு வந்துடறேன்.”

சீட்டு விழுந்தது. அதன் மேல் இன்னொரு சீட்டு விழுந்தது. ஃபியூஸ் கையை ஓங்கி, மூன்றாவதை அறைந்து போட்டார்.

தீயும் வாசனை வந்தது. ஓடிப்போய்த் திருப்பிப் போட்டுவிட்டு, மறுபடி வாசலுக்கு வந்தார்.

“சரி, யாரு ஜெயிக்கிறீங்கன்னாவது சொல்லுங்களேன்?”