படிக்கட்டில் வாக்குக் கொடுப்பவர்

வாசகரே, வாக்குத் தவறுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்களை முகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இன்று நான் உம்முன் நிறுத்துவது அதைவிட உயர்ந்த ரகம்: வாக்குக் கொடுத்ததையே அறியாத சூப்பர்வைசர்.

நாற்காலியில் உட்கார்ந்து இவர் எதற்கும் சம்மதிக்கமாட்டார். மேஜையில் பேனா இருக்கிறதல்லவா! படியிறங்கும்போது, கை கழுவும்போது, காரின் கதவைப் பாதி திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருக்கும்போதுதான் தாராள மனம் பொங்கும். "செஞ்சிரலாம், போ!" தீர்ந்தது. எழுதிக் கேட்டாலோ முகம் வாடிவிடும். "ஏம்மா, நமக்குள்ள எதுக்கு எழுத்து? நான் என்ன ஓடியா போயிடுவேன்?"

ஓடமாட்டார். அதுதானே தொல்லை.

பேக்கிங் பிரிவில் ஓர் அம்மாள். அவருக்கும் கணவருக்கும் நைட் ஷிப்ட். சின்ன மகள் பக்கத்து வீட்டில் தூங்குவாள். அந்தப் பக்கத்து வீட்டார் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். பகல் ஷிப்டுக்காகப் படிக்கட்டில் முன்பே சம்மதம் வாங்கி ஏமாந்தவர், இம்முறை மறுபடி "செஞ்சிரலாம்" கிடைத்ததும், சூப்பர்வைசர் கடைசிப் படியைத் தாண்டுமுன் அவருக்குப் போனில் செய்தி தட்டிவிட்டார்: "சார், ஒண்ணாம் தேதியிலேருந்து எனக்குப் பகல் ஷிப்ட்னு இப்ப படியில சொன்னீங்க. தப்பா இருந்தா சொல்லுங்க."

நம்மவருக்கு ஒரு பழக்கம். கல்யாணச் செய்தியோ கருமாதிச் செய்தியோ, போனில் எது வந்தாலும் படிக்காமலே பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மையைத் தூக்கிக் காட்டிவிடுவார்.

காட்டினார்.

ஒன்றாம் தேதிக்கான பட்டியல் வந்தது. அம்மாளின் பெயர் பழையபடி இரவில்.

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"படியில, சார்."

"படியில ஆயிரம் பேசுவேன்! சாட்சி யாரு?"

"உங்க கட்டைவிரல்தான், சார்." போனை நீட்டினார்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு தம் விரலைப் பார்த்தார், சகவாசம் கெட்டுப்போன பிள்ளையைத் தகப்பன் பார்ப்பதுபோல. பட்டியல் திருத்தப்பட்டது, மகள் அம்மாவின் பக்கத்தில் தூங்கினாள். சூப்பர்வைசர் இப்போது லிஃப்டில் மட்டுமே வாக்குக் கொடுக்கிறார். அங்கே சிக்னல் கிடைக்காதாம்.

சிரிக்கிறீரா? நல்லது. இன்று காலை, செருப்பை மாட்டிக்கொண்டே வீட்டில் எதற்கோ "சரி, சரி" என்று தலையாட்டினீரே, அது எதற்கு? ஞாபகம் இல்லையா?

போனைப் பாரும், வீட்டிலிருந்து அதை எழுதியே அனுப்பியிருக்கிறார்கள். அதற்கும் ஒரு கட்டைவிரல் காட்டியிருக்கிறீர்.